புதுப்பித்த பழைய லாரி நின்று நின்று போகிறதா?

டாடா மெர்சிடீஸ் மாதிரி மூக்கு வைத்த பழைய டீசல் லாரியைப் பிரித்துப் போட்டு, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்துப் பளபளவென்று வெளியே எடுத்ததும் கொஞ்ச தூரத்திலேயே இருமி நின்றுவிட்டால், உடனே இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கழற்றாதீர்கள், செலவு அங்கேதான் எகிறும்.

முதலில் டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) வரைக்கும் வருகிற லைனைப் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம், அதனால் வண்டி ஓடும்போது ஜாயின்ட்டில் கசிவு இருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாமல் காற்றுதான் உள்ளே போகும். பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். சந்தேகமா? டீசல் தாங்கும் டிரான்ஸ்பரன்ட் ட்யூப் ஒரு துண்டை லைனில் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓட விடுங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வாஷரை மாற்றி, ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் பம்ப்) அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள்.

குமிழி இல்லை, ஆனால் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் பெரும்பாலும் டேங்க் துரு ஃபில்டரை அடைக்கிறது. அப்படியானால் டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும்.

அப்புறம், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் கேபிளைப் புது பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அந்த இடத்தைச் சுரண்டி மாட்டுங்கள்.