அந்திக் காட்சி வரைய: நீர்வண்ணத்தில் ஒளியும் உணர்வும்

சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டி மறைந்து, அடுத்த 20 நிமிடத்தில் பொழுது இருட்டிவிடும். அதற்குள் முழு ஓவியமும் முடியாது. 6.15க்கே இடம்பிடித்து, உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் படம் போடுங்கள்: வெளிர், நடுத்தரம், அடர் என மூன்றே சாயல்கள். சூரியன் இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டால் பிறகு மாற்றக்கூடாது. நகரும் ஒளியைத் துரத்தினால் நிழல்கள் ஆளுக்கொரு திசையில் விழும்.

மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையிலிருந்து மேற்கே நகரக் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவது தெரியும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் முதுகுப்பக்கம். பரவாயில்லை, எதிரே மேகம் இளஞ்சிவப்பாகும், கப்பல்களில் விளக்கு எரியத் தொடங்கும். அமைதியான படத்துக்கு இதுவே மேல்.

புதியவர்கள் வானம் முழுக்க ஆரஞ்சை அள்ளிப் பூசுவார்கள். கிடைப்பது காலண்டர் படம்தான். செறிந்த நிறம் சூரியனைச் சுற்றி மட்டும் போதும். மற்ற இடமெல்லாம் சாம்பல் கலந்த ஊதாவாக அடங்கினால்தான் அந்த ஓரிடம் ஒளிரும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளை நனையுங்கள். பளபளப்பு சற்றுக் குறைந்ததும் அடிவானத்தில் மஞ்சள், அதற்கு மேல் ரோஸ், உச்சியில் அல்ட்ராமரின் என்ற அடர்நீலம். மஞ்சளும் நீலமும் நேராகச் சந்தித்தால் வானம் பச்சையாகும். இடையில் ரோஸ் பட்டை இரண்டு விரல் அகலமாவது வேண்டும். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் ஒரு படி அடர்த்தியாகவே பூசுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் தாள் எளிதில் காயாது. அரை ஈரத்தில் நீர் மிகுந்த தூரிகை பட்டால் வண்ணம் ஒதுங்கி, ஓரம் பிசிறிய கறை விழும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

மரங்களுக்குக் கறுப்பு வண்ணம் வேண்டாம், அது செத்த நிறம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். சூரியனுக்கு நேர் முன்னால் வரும் கிளையில் சியன்னாவைக் கூட்டி ஓரத்தைக் கரைத்துவிடுங்கள். கூசும் ஒளியில் அந்த விளிம்பு கண்ணுக்கும் தெளிவாகத் தெரியாது. தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலையை மடித்துக்கொள்வதால் கிளைகளுக்கிடையே வானம் கூடுதலாகத் தெரியும். அந்த இடைவெளிகளைத் திறந்த வானத்தைவிடச் சற்று அடர்த்தியாகத் தீட்டாவிட்டால் மரத்தில் வெள்ளை ஓட்டை போட்டதுபோல் துருத்தும்.

நீருக்கு வானத்தின் அதே நிறங்கள், ஒரு படி அடர்த்தியாக.

விளக்குகள் கடைசியில். வெள்ளைக் கௌவாஷில் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) துளி மஞ்சள் கலந்து, இருண்ட பரப்பின்மேல் மட்டும் வையுங்கள். வெளிர்ப் பின்னணியில் வைத்தால் எரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்கு ஐந்தாறு ஜன்னல் தாராளம். எல்லாவற்றிலும் விளக்கேற்றினால் படம் நள்ளிரவாகிவிடும்.