பல போர்ஷன் வீட்டுக்குக் கடன்: நிலப் பயன்பாட்டு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புறநகரில் மாடிக்கு இரண்டு போர்ஷன் என்று கட்டிய வீட்டை வாடகையைக் கணக்கிட்டு விலை பேசுபவர்கள், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கும் அளவுக்கு நிலப் பயன்பாட்டைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் வீடுகள் இருப்பதாலேயே ஓரிடம் குடியிருப்பு மண்டலம் ஆகிவிடாது. எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும், 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னை இரண்டாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண் விவசாய மண்டலத்தில் இருந்தால், அங்கே பல குடியிருப்புகளுக்கு அனுமதி வாங்கியிருப்பார்கள் என்பதே சந்தேகம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் பார்த்துவிடக்கூடிய இந்த விவரத்தை, முன்பணம் கொடுத்த பிறகு வங்கி வழக்கறிஞர் வாயால் கேட்பானேன்?

அதிகம் பேர் சிக்குவது வீடுகளின் எண்ணிக்கையில்தான். இரண்டு குடியிருப்புகளுக்குத் திட்ட அனுமதி பெற்று, பிறகு மேலே ஒரு தளம் ஏற்றி ஐந்தாகப் பிரித்த கட்டடங்கள் ஏராளம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்ததும் மாடிப்படிக்குக் கீழே உள்ள மின் மீட்டர்களை எண்ணுவார். அங்கே ஐந்து மீட்டரும் வரைபடத்தில் இரண்டே சமையலறையும் இருந்தால், விற்பவரின் விளக்கம் எதுவும் எடுபடாது. சில வங்கிகள் விண்ணப்பத்தையே திருப்பிவிடும். சில, அனுமதி பெற்ற பரப்புக்கு மட்டும் மதிப்புப் போடும். 75 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு, சொத்து மதிப்பில் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. ஒன்றரைக் கோடிக்குப் பேசிய வீட்டுக்கு 1.10 கோடி மட்டுமே மதிப்பு விழுந்தால், கடன் 82.5 லட்சத்தைத் தாண்டாது. கையிலிருந்து போட வேண்டிய தொகை 37.5 லட்சத்திலிருந்து 67.5 லட்சமாகும். அனுமதியற்ற தளத்தின் வாடகையை வருமானக் கணக்கில் சேர்க்கவும் வங்கிகள் தயங்கும்.

சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் அனுமதிக்குச் சான்றல்ல. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளுக்கான வரன்முறை ஆணையைக் காட்டி, வீடும் முறைப்படுத்தப்பட்டுவிட்டது என்பார்கள் விற்பவர்கள். அந்த ஆணை மனையோடு நின்றுவிடுகிறது.

கடன் தருமுன் பணி நிறைவுச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியபின் வங்கிகளின் கெடுபிடி கூடியிருக்கிறது. சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்குத் தமிழக விதிகளில் விலக்கு உண்டென்றாலும், அது உயரம், பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. கூடுதலாக ஏற்றிய தளமே விலக்கைப் பறித்துவிடலாம். தரைத்தளத்தில் கடை வைக்க எண்ணுபவர்களும் கவனிக்க வேண்டும்: குடியிருப்புக்கான சொத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தப்போவதாக விண்ணப்பத்தில் தெரிவித்தால் வீட்டுக் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். மறைத்து வாங்குவது அதைவிட மோசம்.

விற்பனை ஒப்பந்தத்தில், திட்ட அனுமதிக் குறைபாட்டால் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை எழுதி வாங்குங்கள். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம், அனுமதி வரைபடத்தின் முத்திரையிட்ட நகலைக் காட்டச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசலாம்.