கிளாஸ், கச்சேரி, கேமரா: சொந்தத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கு அமெரிக்க இன்ஷூரன்ஸ்

அமெரிக்கா வந்து இறங்கும் நம்மவர்களில் பலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேலையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. கம்பெனி கொடுக்கும் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும். கராஜில் மரத்தளம் போட்டு பரதம் சொல்லித் தருபவருக்கும், அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசிப்பவருக்கும், கல்யாணப் போட்டோ எடுப்பவருக்கும் அந்த அட்டையை யாரும் கொடுக்க மாட்டார்கள். தாங்களாகவே தேடி வாங்க வேண்டும். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் டாலஸ் பக்கம் பாட்டு கிளாஸ் நடத்துகிறேன். 2012-ல் தனியாக இன்ஷூரன்ஸ் கேட்டு விண்ணப்பித்தேன். பிரசவ காலத்தில் சர்க்கரை இருந்தது என்று எழுதியிருந்த ஒரே வரிக்காக மறுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடம் காய்ச்சல் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் 2014 ஜனவரியில் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பழைய நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கவும் முடியாது, கூடுதல் ப்ரீமியம் கேட்கவும் முடியாது. சம்பளக்காரர்களுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். என் போன்றவர்களுக்கு அது மூச்சு.

முதலில் நாள் கணக்கு. வெளிநாட்டிலிருந்து இங்கே குடிவந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மார்க்கெட்பிளேஸில், அதாவது அரசு நடத்தும் இன்ஷூரன்ஸ் தளத்தில், பிளான் எடுக்கலாம். டெக்சாஸ்காரர்களுக்கு ஹெல்த்கேர்.கவ் தளம்தான். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களுக்குச் சொந்தத் தளம் உண்டு. 60 நாளைத் தவறவிட்டால் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். அப்போது எடுத்தாலும் ஜனவரியில்தான் தொடங்கும். பெட்டி பிரிப்பது, டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அலையும்போது இந்த 60 நாள் எப்படிப் போனது என்றே தெரியாது. வந்த முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் இந்த வருடம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்று ஒரு கேள்வி வரும். மாதாமாதம் ப்ரீமியத்தைக் குறைக்க அரசு தரும் மானியம் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. சம்பளக்காரருக்கு அது ஒரு நிமிட வேலை. நமக்கோ கோடையில் அரங்கேற்றம் மேல் அரங்கேற்றம், ஜனவரியில் ஒன்றும் இருக்காது. பலர் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2021 முதல் 2025 வரை அதில் பெரிய ஆபத்து இருக்கவில்லை. 2026 முதல் இருக்கிறது.

நடந்தது இதுதான். 2021-ல் மானியத்தை உயர்த்தி, வருமான உச்சவரம்பையும் எடுத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு 2025 முடிவோடு காலாவதியானது. பழைய கோடு திரும்பி வந்துவிட்டது: 2026-க்குத் தனி ஆளுக்கு 62,600 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 1,28,600. கோட்டை ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் முழுதும் போய்விடும். இதோடு 2025 ஜூலையில் வந்த சட்டம், கூடுதலாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு இருந்த வரம்பையும் நீக்கிவிட்டது.

ஒரு கணக்கு பாருங்கள். தனியாக இருக்கும் ஒரு போட்டோகிராபர், செலவு போக 68,000 டாலர் லாபம் பார்க்கிறார். சுயதொழில் வரியில் பாதி கழியும், ஏறக்குறைய 4,800. வேறு எதையும் கழிக்கவில்லை என்றால் மீதி 63,200. கோட்டுக்கு 600 டாலர் மேலே. மாதம் 300 டாலர் மானியம் வாங்கியிருந்தால், அடுத்த ஏப்ரலில் வரி தாக்கல் செய்யும்போது 3,600 டாலரையும் திருப்பிக் கட்ட வேண்டும். அவரே பாரம்பரிய ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 1,000 டாலர் போட்டிருந்தால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பார். அந்தப் பணத்தை அடுத்த ஏப்ரல் 15 வரை போடலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. மார்க்கெட்பிளேஸில் வாங்கும் எல்லா ப்ரான்ஸ் (வெண்கல வகை) பிளான்களோடும் 2026 முதல் ஹெச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் போடுவதும் வருமானத்திலிருந்து கழியும். நாம் கட்டும் ப்ரீமியமும் பெரும்பாலும் கழியும். டாக்ஸ் பார்ப்பவரிடம் டிசம்பரிலேயே உட்கார்ந்து பேசுங்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளாஸ் ஃபீஸ் நோட்டைப் பார்த்து, எண் மாறியிருந்தால் தளத்தில் மாற்றிவிடுகிறேன்.

கீழேயும் ஒரு கோடு உண்டு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விழுவது அங்கேதான். 2026-க்குத் தனி ஆளுக்கு 15,650 டாலருக்குக் கீழே வருமானம் இருந்தால் மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடைக்காது. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்களுக்கு முன்பு இதில் விலக்கு இருந்தது, 2026 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மெடிக்கெய்டு இன்ஷூரன்ஸும் கிடைக்காது. டெக்சாஸ் மெடிக்கெய்டை விரிவாக்கவே இல்லை. ஆகவே நாலு மாணவர்களோடு தொடங்கும் முதல் வருடம்தான் மிகவும் கஷ்டம். கணவருக்கோ மனைவிக்கோ கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தால் தயங்காமல் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

விசாவில் இருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 1 முக்கியமான தேதி. அன்று முதல் ஹெச்-1பி (வேலை விசா), ஹெச்-4 (அவர்கள் குடும்பத்தாரின் விசா) உள்ளிட்ட விசாக்காரர்களுக்கு மானியம் கிடையாது. அகதி அந்தஸ்தோ தஞ்சமோ பெற்று வந்த ஈழத்தமிழ் உறவுகளுக்கும், கிரீன் கார்டு கைக்கு வரும்வரை கிடையாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் இதைப் பறிப்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். முழு விலை கொடுத்து வாங்கத் தடையில்லை. இன்னொன்று: வேலை அனுமதி இல்லாத ஹெச்-4-ல் இருந்துகொண்டு கிளாஸ் ஃபீஸ் வாங்காதீர்கள். குருதட்சிணை என்று பெயர் வைத்தாலும் அது சம்பாத்தியம்தான்.

பிளான் பெயர்களில் குழம்ப வேண்டாம். 2026-க்குத் தனி ஆளுக்கு 39,125 டாலருக்குள் வருமானம் என்றால் சில்வர் வகையை முதலில் பாருங்கள். டிடக்டபிளும் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) டாக்டர் கட்டணமும் குறைக்கப்படுவது அதில் மட்டும்தான். டெக்சாஸில் தனியாக வாங்கும் பிளான்களில் பெரும்பாலும் நெட்வொர்க்குக்கு வெளியே, அவசரச் சிகிச்சை தவிர எதற்கும் பணம் வராது. கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனைக்குப் போகும் இடத்தில் மணிக்கட்டு வலிக்கு அங்குள்ள டாக்டரைப் பார்த்தால் செலவு உங்களுடையது. வாசிப்பவர்கள் கையையும் தோளையும் ஊரிலேயே காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பாதி விலைக்குத் தருகிறேன் என்று போனில் கூப்பிடுபவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பழைய நோய்க்கும் பணம் வருமா? குறுகிய காலப் பிளான்களும், மதக் குழுக்கள் நடத்தும் செலவுப் பகிர்வுத் திட்டங்களும், பழைய நோய்க்காக மறுக்கக் கூடாது என்ற ஒபாமா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

விண்ணப்பம் புரியவில்லை என்றால் மார்க்கெட்பிளேஸ் கால் சென்டரைக் கூப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. கூப்பிடும்போது பாஸ்போர்ட், கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி எண், வந்து இறங்கிய தேதி, ஃபீஸ் நோட்டு எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும்.