நெட்வொர்க்கிங்கில் முதுநிலைப் படிப்பு: சேரும் முன் எதையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும்?

இளநிலைத் தேர்வில், நெட்வொர்க்கின் வேலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். முதுநிலையில் கேள்வியே மாறிவிடுகிறது. ‘டிசிபி என்றால் என்ன?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘லிங்க் 100 எம்பிபிஎஸ், ஆனால் ஃபைல் 6 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் இறங்குகிறது, ஏன்?’ என்று கேட்பார்கள். காரணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லவும், அதைச் சோதித்துக் காட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான தயாரிப்பு இது. வரிசையை மாற்ற வேண்டாம். பல படிகள் முந்தைய படிகளை நம்பித்தான் இருக்கின்றன.

படி 1: ஒரு பாக்கெட்டின் பயணத்தை எழுதுங்கள்

பிரவுசரில் முகவரியைத் தட்டியது முதல் பக்கம் திறப்பது வரை என்ன நடக்கிறது என்று, எதையும் பார்க்காமல் தாளில் எழுதுங்கள். ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கண்டறிவது), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது), டிசிபி (தரவை விடுபடாமல் வரிசையாகக் கொண்டுசேர்ப்பது), டிஎல்எஸ் (அதை மறையாக்குவது), ரவுட்டிங் (வழியைத் தேர்வது) எல்லாம் அதில் வர வேண்டும். பேனா எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

கூடவே சப்நெட் கணக்கு, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு. 192.168.10.77/26 என்றால் நெட்வொர்க் முகவரி 192.168.10.64, பிராட்காஸ்ட் முகவரி 192.168.10.127, நடுவில் 62 கணினிகளுக்கு இடம். இதை மனக்கணக்காகவே சொல்லும் அளவுக்குப் பழகுங்கள்.

படி 2: எழுதியதை வயர்ஷார்க்கில் பாருங்கள்

உங்கள் சொந்தக் கணினியில், பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, கேப்சரை ஓடவிட்டு, அதன் பிறகு ஒரு தளத்தைத் திறங்கள். டிஎன்எஸ் கேள்வியும் பதிலும் பெரும்பாலும் தெரியும். டிசிபி இணைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் சின் (இணைப்புக் கோரிக்கை), சின்-ஆக், ஆக் (பெற்றதற்கான ஒப்புகை) என்று மூன்று பாக்கெட்டுகள் வரிசையாக நிற்கும். சின் பாக்கெட்டை விரித்து, ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘விண்டோ ஸ்கேல்’ என்ற வரியைத் தேடுங்கள். விண்டோ என்பது ஆக் வராமலேயே எவ்வளவு அனுப்பலாம் என்று பெறுபவர் சொல்லும் அளவு; அதை எத்தனை மடங்காகக் கொள்ள வேண்டும் என்பதுதான் ஸ்கேல். இந்தத் தகவல் இணைப்பின் தொடக்கத்தில் மட்டுமே பரிமாறப்படும். கேப்சரைத் தாமதமாகத் தொடங்கினால் வயர்ஷார்க்குக்கே உண்மையான விண்டோ அளவு தெரியாது. அடுத்த படிக்கு இது தேவைப்படும்.

படி 3: அந்த 6 எம்பிபிஎஸ் எங்கிருந்து வந்தது?

டிசிபி ஹெட்டரில் விண்டோவுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். அதனால் உச்ச அளவு 65,535 பைட். அனுப்புபவர் அவ்வளவு அனுப்பிவிட்டால், ஆக் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாக்கெட் போய் அதற்கான ஆக் திரும்ப 80 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். 65,535-ஐ 8-ஆல் பெருக்கி 0.08-ஆல் வகுத்தால் செகண்டுக்குச் சுமார் 65 லட்சம் பிட், அதாவது 6.5 எம்பிபிஎஸ். லிங்க் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஒரு இணைப்புக்கு இதற்கு மேல் கிடைக்காது.

லிங்க் முழுவதும் நிரம்ப, 10 கோடி பிட்டை 0.08-ஆல் பெருக்க வேண்டும்: 80 லட்சம் பிட், அதாவது 10 லட்சம் பைட் வழியிலேயே இருக்க வேண்டும். 65,535 பைட் இதற்குப் போதாது. இதற்காகத்தான் 1992-இல் ஆர்எஃப்சி 1323 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை) விண்டோ ஸ்கேலிங்கை வரையறுத்தது. அதைத்தான் சின் பாக்கெட்டில் பார்த்தீர்கள்.

இப்போது சோதனை. ஒரே கணினிக்குள் மெய்நிகர் நெட்வொர்க்கை உருவாக்கும் மினிநெட்டை லினக்ஸில் நிறுவி, இரண்டு ஹோஸ்டுகளை (மெய்நிகர் கணினிகளை) நேரடியாக ஒரே லிங்கில் இணையுங்கள். வேகம் 100 எம்பிபிஎஸ், ஒருவழித் தாமதம் 40 மில்லிசெகண்ட். வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியில் விண்டோ அளவைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். கணக்கில் வந்த எண் அப்படியே வராது. நீங்கள் கேட்ட பஃபர் அளவை லினக்ஸ் கெர்னல் இரட்டிப்பாக்கி வைப்பது அதற்கு ஒரு காரணம். மற்ற காரணங்களைத் தேடிப் பாருங்கள். முதுநிலையில் ஆய்வகத்தில் பெரும்பாலும் செய்யப்போவது இந்த வேலையைத்தான்.

படி 4: நிகழ்தகவு

பலரும் தள்ளிப்போடும் பகுதி இது. என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1500 பைட் பாக்கெட் 100 எம்பிபிஎஸ் லிங்கில் ஏற 0.12 மில்லிசெகண்ட் ஆகும். பாக்கெட்டுகள் ஒழுங்கில்லாமல் வருவதால் ரவுட்டரில் வரிசை உருவாகிறது. பாக்கெட்டுகளின் வருகை பாய்சான் பரவலைப் பின்பற்றும் என்று கொள்ளும் எம்/எம்/1 என்ற எளிய மாடலில், சராசரித் தாமதம் என்பது 0.12-ஐ (1 − பளு)-வால் வகுத்தால் வருவது. பளு என்பது லிங்கின் கொள்ளளவில் பயன்படும் பங்கு. பளு 50% என்றால் 0.24 மில்லிசெகண்ட். 90% என்றால் 1.2. 99% என்றால் 12. பளு 90-இலிருந்து 99-க்கு ஏறும்போது தாமதம் பத்து மடங்காகிறது. லிங்க் நிரம்புவதற்கு முன்பே பயனர்கள் புகார் செய்யத் தொடங்குவது ஏன் என்று இந்தச் சின்னச் சூத்திரம் சொல்லிவிடுகிறது.

இதற்கு வேண்டியவை: சராசரி, மாறுபாடு, பாய்சான் மற்றும் எக்ஸ்பொனன்ஷியல் பரவல்கள், லிட்டில் விதி (வரிசையின் சராசரி நீளத்தை வருகை வேகத்தோடும் சராசரித் தாமதத்தோடும் இணைப்பது). இவற்றைக் கற்றதும், மாடலின் அனுமானத்தையும் சந்தேகிக்கப் பழகுங்கள். பெல்கோர் நிறுவனத்தின் ஈதர்நெட் பதிவுகளை அலசிய ஆய்வாளர்கள், உண்மையான டிராஃபிக் பாய்சான் மாடலுக்குள் அடங்குவதில்லை என்று 1993-இல் காட்டினார்கள். நீண்ட கால இடைவெளிகளாகச் சேர்த்துப் பார்த்தாலும் டிராஃபிக்கின் ஏற்ற இறக்கம் எளிதில் சமன் ஆகவில்லை. மாடல் உதவும், ஆனால் எல்லை உண்டு.

படி 5: கொஞ்சம் கோடிங்

பைத்தானில் சாக்கெட் (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் வாயில்) கொண்டு ஒரு சின்ன சாட் நிரல் போதும். இரண்டு முறை அனுப்பிய செய்திகள் மறுமுனையில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரலாம். டிசிபி பைட்டுகளின் ஓட்டத்தை மட்டுமே தருகிறது, செய்தியின் எல்லையை அது காப்பதில்லை. எல்லையை நீங்கள்தான் வகுக்க வேண்டும். அல்காரிதம் பக்கத்தில், குறுகிய வழியைக் கண்டறியும் டெய்க்ஸ்ட்ராவும் பெல்மன்-ஃபோர்டும் கட்டாயம்; ரவுட்டிங் நெறிமுறைகளில் முதலாவது ஓஎஸ்பிஎஃப்-இலும் இரண்டாவது ஆர்ஐபி-யிலும் வேலை செய்கிறது.

படி 6: மூல ஆவணங்களைப் படியுங்கள்

டிசிபிக்கு 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9293-ஐ எடுங்கள். 1981-இன் 793-க்குப் பதிலாக வந்தது. முழுவதும் வேண்டாம், இணைப்பின் நிலைகளைக் காட்டும் படத்தை மட்டும் உங்கள் வயர்ஷார்க் பதிவோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து வான் ஜேக்கப்சனின் 1988 கட்டுரை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் செகண்டுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. இடையே தூரம் 400 கஜம்தான். ஏன் என்று அவர் தேடியதிலிருந்து ஸ்லோ ஸ்டார்ட் (மெதுவாக அனுப்பத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது) போன்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் பிறந்தன. முதல் வாசிப்பில் பிரச்சினையையும் வரைபடங்களையும் மட்டும் பாருங்கள். சமன்பாடுகள் இரண்டாம் வாசிப்புக்கு.

பிறகு உங்கள் மினிநெட்டுக்குத் திரும்பி, லிங்கில் 1% பாக்கெட் இழப்பைச் சேர்த்து, அதே ஐபெர்ஃப்3 சோதனையை இரண்டு முறை ஓட்டுங்கள்: நெரிசல் கட்டுப்பாட்டு முறையாக கியூபிக்கை வைத்து ஒருமுறை, ரீனோவுக்கு மாற்றி ஒருமுறை. வேகத்தை வரைபடமாக்குங்கள். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்துக்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சேர்க்கை நேர்காணலில் ‘என்ன செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.