ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்கு வண்டி வாங்குவது எப்படி?

ஹைலேண்ட்ஸ் மலைகளில் செம்மானை நடந்தும் தவழ்ந்தும்தான் நெருங்க வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து மானைச் சுடுவதை 1996ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து மான் சட்டம் தடை செய்கிறது. வண்டிக்கு இரண்டே வேலை: உங்களை மலைப்பக்கம் கொண்டுபோய் விடுவது, சுட்ட மானைக் கீழே கொண்டுவருவது. குடல் எடுத்த பிறகும் ஒரு கிடா (ஆண்மான்) 80 கிலோ அளவுக்கு இருக்கும். அதனால் நிலத்தையும் சுமையையும் முதலில் பாருங்கள், என்ஜின் சக்தியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: நிலத்தை மழைக்குப் பிறகு நடந்து பாருங்கள். பெண்மான் வேட்டைப் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. ஆகஸ்டில் கெட்டியாகத் தெரியும் பாதை அப்போது சேறாகிவிடும். மேலே பாசி, அடியில் ஈரம் ஊறிய பீட் மண் (மட்கிய செடிகள் சேர்ந்த சதுப்பு மண்). சில இடங்களில் ஆழம் பல மீட்டர். கம்பால் குத்திப் பாருங்கள்.

படி 2: டயர் அழுத்தத்தைக் கேளுங்கள். டயரில் உள்ள காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் மண்ணின் மேலும் விழும். பிக்கப் வண்டிக்கு 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இருக்கும். நான்கு சக்கர மோட்டார் பைக்கான குவாட் பைக்குக்குப் பொதுவாக 4 முதல் 7 வரை. சதுப்பிலும் ஓடும் எட்டுச் சக்கர வண்டியான ஆர்கோகேட்டுக்கு அதைவிடவும் குறைவு. எண் குறையக் குறைய வண்டி புதைவதும் குறையும், பாசியும் பிழைக்கும்.

படி 3: வகையை முடிவு செய்யுங்கள். பிக்கப், கல் போட்ட பாதையோடு சரி. குவாட் பைக் விலை குறைவு, சந்து பொந்தில் நுழையும். ஆனால் பின்தட்டில் கிடாவைக் கட்டினால் எடை மேலேறி, சரிவில் கவிழும் ஆபத்து கூடும். தட்டின் எடை வரம்பைப் படியுங்கள், ஹெல்மெட்டை மறக்காதீர்கள். நீண்ட இருக்கை, ஓட்டுபவர் உடலைச் சாய்ப்பதற்கு. பின்னால் ஆள் ஏற்ற அல்ல. பக்கத்தில் ஆள் உட்காரும் சைடு-பை-சைடு வண்டிக்குப் பாதுகாப்புக் கூண்டு உண்டு, ஆனால் எடை அதிகம். கெட்டி நிலத்துக்கு நல்லது.

உண்மையான சதுப்புக்கு என் தேர்வு ஆர்கோகேட். கனடாவில் தயாராவது, தண்ணீரிலும் மிதக்கும், மானைத் தொட்டிக்குள் தாழ்வாகப் போடலாம். ஒரு பக்கச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தித்தான் திரும்பும் என்பதால் சட்டென்று திருப்பினால் தரை கிழியும், அகலமாக வளையுங்கள். (சில எஸ்டேட்டுகளில் இன்றும் ஹைலேண்ட் குதிரைதான் மானைச் சுமக்கிறது. அதற்கு வின்ச், அதாவது சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி, வேண்டாம்!)

படி 4: வின்ச் வாங்கினால் மட்டும் போதாது. மொட்டை மலையில் கயிற்றைக் கட்ட மரம் எங்கே? தரையில் அடிக்கும் நங்கூரமும் சேர்த்து வாங்குங்கள்.

படி 5: பழைய வண்டி என்றால் சுமையோடு சரிவில் ஓட்டிப் பாருங்கள், பிரேக் பிடிக்கிறதா என்று. அப்புறம், ஆர்கோகேட்டின் தரைப்பலகையைத் திறந்து, சக்கரங்களைச் சுழற்றும் சங்கிலிகளைப் பாருங்கள். துருப்பிடித்துத் தொய்ந்திருந்தால் பழுதுச் செலவைக் கணக்குப் போட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.