அழற்சி உள்ள பெருங்குடலில் டிஸ்பிளேசியா திட்டை எண்டோஸ்கோப்பி வழியே அகற்றும் முறை

சாதாரணக் குடலில் பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) எடுத்துப் பழகிய கை, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நாட்பட்ட நோய்) நோயாளியிடம் அதே வேகத்தில் போனால் தடுமாறும். அழற்சி வந்து வந்து ஆறிய இடத்தில், சளிப்படலத்துக்குக் கீழே உள்ள அடுக்கு தழும்பேறி இறுகியிருக்கும். அதற்குள் ஊசியால் திரவம் ஏற்றினாலும் சளிப்படலம் எழும்பாது. டிஸ்பிளேசியா திட்டின், அதாவது செல்கள் புற்றை நோக்கி மாறத் தொடங்கிய இடத்தின், ஓரம் எங்கே முடிகிறது என்பதும் சட்டெனப் புலப்படாது. ஆகவே இந்த வேலையில் பாதி, திட்டைச் சுருக்கிட்டு வெட்டும் ஸ்நேர் கம்பியை விரிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் குடல் அமைதியாக இருக்கிறதா என்று பாருங்கள். அழற்சி கொதிக்கும்போது எடுத்த பயாப்சியில், ஆறிவரும் செல்களும் டிஸ்பிளேசியா போலவே தோன்றும். மருந்தால் நோயை அடக்கிய பிறகே ஸ்கோப் போடுங்கள். கொலைட்டிஸ் மருந்தான மெசலமைனை நிறுத்த வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். அதன் கரிய கசடு கழுவினாலும் போகாது. பேதி மருந்தை இரண்டாகப் பிரித்து, முந்தைய மாலை பாதி, பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் மீதி எனக் கொடுங்கள். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரலாம். குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை நிறுத்துவதா என்பதை இதய மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

சாயம் தெளிப்பதைச் சடங்காக நினைக்காதீர்கள். 0.8 சதவீத இண்டிகோ கார்மைன் 5 மி.லி. ஆம்பூல் இரண்டை 250 மி.லி. தண்ணீரில் கலந்தால் ஏறத்தாழ 0.03 சதவீதம் வரும். குடல் முழுவதும் தெளிக்க இது போதும். மெத்திலீன் புளூ என்றால் 1 சதவீதக் கரைசல் 10 மி.லி.யை 240 மி.லி. தண்ணீரில் கலக்கலாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும், செரோட்டோனின் மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்கும் மெத்திலீன் புளூவைத் தவிர்ப்பது நல்லது. சந்தேகமான இடம் தெரிந்ததும், இண்டிகோ கார்மைன் ஒரு ஆம்பூலை 25 மி.லி.யில் கலந்து அங்கே மட்டும் அடர்த்தியாகத் தெளியுங்கள். ஓரம் கோடு போட்டதுபோல் எழும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: எடுக்கப்போகும் திட்டிலிருந்து நாலைந்து பயாப்சி கிள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு கிள்ளலும் அடியில் ஒரு தழும்பு. அகற்றும் மையத்துக்கு அனுப்புவதானால் நல்ல படம் எடுத்து அனுப்புங்கள். கட்டாயமென்றால் ஒரே ஒரு துண்டு போதும். இடம் குறிக்கும் மையையும் திட்டுக்கு அடியில் குத்தாமல், ஆசனவாய்ப் பக்கமாக 2, 3 செ.மீ. தள்ளிக் குத்துங்கள்.

எதை எடுக்கலாம்? 2015-இல் வெளியான சீனிக் ஒருமித்த அறிக்கை (குடல் அழற்சி நோயில் டிஸ்பிளேசியாவைக் கண்காணிப்பது பற்றிய சர்வதேச நிபுணர்களின் அறிக்கை), ஓரம் தெளிவான, கண்ணுக்குத் தெரியும் திட்டை முழுதாக எடுத்துவிட்டால் குடலையே அகற்றத் தேவையில்லை, கண்காணிக்கலாம் என்று சொன்னது. புண்ணாகிக் குழிந்த திட்டு, சாயத்தில் தெரியும் மேற்பரப்பு நுண்குழிகளின் அமைப்பு சிதைந்த திட்டு, குடல் சுருங்கிய இடத்தில் உள்ளது ஆகியவற்றைத் தொடாதீர்கள். அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். டிஸ்பிளேசியா என்று ரிப்போர்ட் வந்தால் குடல் நோய்க்கூறியலில் தேர்ந்த இன்னொருவரும் ஸ்லைடைப் பார்த்தாக வேண்டும். இதில் சமரசம் கூடாது.

இனி அகற்றுவது. காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துங்கள். ஸ்கோப்பைச் சுழற்றித் திட்டைத் திரையின் 6 மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஊசிக்கு முன்பே, சாயம் காட்டிய ஓரத்துக்கு வெளியே சில மி.மீ. தள்ளி, ஸ்நேர் நுனியால் புள்ளி புள்ளியாகச் சுட்டு அடையாளம் வையுங்கள். திரவம் ஏறி வீங்கியபின் ஓரம் கரைந்துவிடும், புள்ளிகள் மட்டுமே வழிகாட்டும். திட்டுக்கு அடியில் ஏற்றும் திரவம் வெறும் சலைன் (உப்புநீர்) என்றால் சீக்கிரம் வடிந்துவிடும். ஜெலட்டின் அல்லது ஹயலுரோனேட் கரைசலில் சில துளி இண்டிகோ கார்மைன் சேருங்கள்.

ஊசி போட்டதும் சுற்றுப்புறம் எழும்பி நடு மட்டும் பள்ளமாக நின்றால் மேலும் மேலும் ஏற்றாதீர்கள்; பள்ளம்தான் ஆழமாகும். அது தழும்பாகவும் இருக்கலாம், ஆழப் பாய்ந்த புற்றாகவும் இருக்கலாம். எழும்பாத திட்டும், 2 செ.மீ.க்கு மேற்பட்டதும் இ.எஸ்.டி. (சளிப்படலத்துக்குக் கீழ் அடுக்கை அறுத்துத் திட்டை ஒரே துண்டாக எடுக்கும் முறை) தெரிந்தவரின் வேலை. அவருக்கும் எளிதல்ல: நாட்பட்ட கொலைட்டிஸில் சளிப்படலத்துக்குக் கீழுள்ள அடுக்கில் கொழுப்பு சேர்ந்து, லென்ஸை மறைத்துக்கொண்டே இருக்கும்.

நன்றாக எழும்பினால் புள்ளிகளுக்கு வெளியே ஸ்நேரைப் பதித்து மூடுங்கள். ஸ்நேர் கைப்பிடியில் உதவியாளரின் கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் இடைவெளி 1 செ.மீ.க்குள் வர வேண்டும். வராவிட்டால் தசையும் மாட்டியிருக்கலாம். சற்றுத் தளர்த்தி மறுபடி மூடுங்கள். ஸ்நேரின் உறையை முன்னும் பின்னும் அசைத்தால் பிடித்த திசு குடல்சுவரை இழுக்காமல் தனியாக நகர வேண்டும். பிறகு உட்புறமாகத் தூக்கி, மின்சாரத்தை இடைவெளி விட்டு விட்டு அழுத்துங்கள். ஒரே துண்டாக வருவதே இலக்கு. துண்டு துண்டாக வந்தால் ஓரம் சுத்தமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வெட்டிய இடத்தைக் கழுவிப் பாருங்கள். சீரான நீல வலைபோல் தெரிந்தால் நிம்மதி. துண்டின் அடியில் வெள்ளை வட்டம் இருந்தால் தசை வெட்டுப்பட்டுவிட்டது. உடனே ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகக் கிளிப் போட்டு மூடுங்கள்.

துண்டை உறிஞ்சாமல் வலையில் எடுங்கள். சளிப்படலம் மேலே இருக்கும்படி தெர்மாகோலில் குண்டூசியால் விரித்துக் குத்தி, 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். மிதக்கவிட்டால் சுருண்டுகொள்ளும், ஓரத்தை அளக்கவே முடியாது. விண்ணப்பத்தில் கொலைட்டிஸ் எத்தனை ஆண்டு, திட்டு எந்த இடம், சுற்றிலும் அழற்சி உண்டா என்பதையும் எழுதுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும் சொல்லுங்கள்: வயிறு கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தக்கட்டி போனாலோ உடனே வர வேண்டும், ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரைகூட வரலாம். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வேண்டாம். அவை கொலைட்டிஸையும் கிளப்பிவிடும். பாராசிட்டமால் போதும்.

பெரிய திட்டு, துண்டு துண்டாக எடுத்தது, உயர்நிலை டிஸ்பிளேசியா என்றால் 3 முதல் 6 மாதத்தில் மறுபடி ஸ்கோப். அன்று பழைய தழும்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வேறிடத்திலும் புதுத் திட்டு முளைக்கும் குடல் இது. சாயத்தை மீண்டும் முழுவதும் தெளித்தே வெளியே வாருங்கள்.