உங்கள் கவுன்சிலரின் காலநிலைப் பார்வையை அறிந்துகொள்வது எப்படி?

ஒரு மாமன்ற உறுப்பினரிடம் போய், "பருவநிலை மாற்றத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், மரம் நட வேண்டும், மஞ்சப்பை எடுத்துச் செல்ல வேண்டும், வருங்காலச் சந்ததிக்குப் பூமியைப் பத்திரமாக விட்டுச் செல்ல வேண்டும் என்ற பதில்தான் கிடைக்கும். அதைப் பொய்யான பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் எந்த வார்டிலும் சொல்லக்கூடிய பதில் அது. அவருடைய உண்மையான பார்வை தெரிய வேண்டுமானால், மழைநீர் வடிகால் எந்தத் தெருவில் முதலில் தோண்டப்பட்டது, கால்வாய்க் கரைக் குடியிருப்புகளை அகற்ற அதிகாரிகள் வந்தபோது அவர் எங்கே நின்றார், குப்பை அள்ளுபவர்கள் மே மாத நண்பகலில் ஒதுங்குவதற்கு நிழல் உண்டா என்பன போன்ற இடங்களில்தான் அதைத் தேட வேண்டும். அப்படித் தேடுகிற முறையைச் சென்னை மாநகராட்சியை முன்வைத்து இங்கே எழுதுகிறேன். மற்ற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எது அவருடைய கையில் இருக்கிறது, எது இல்லை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்தெருச் சாலைகள், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா, குப்பை, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பொதுக்கழிப்பிடம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றை நீர்வளத் துறை பார்க்கிறது. இந்தப் பிரிவினை தெரியாமல் கேட்கப்படும் கேள்விக்கு, "அது எங்கள் துறை இல்லை" என்ற ஒற்றை வரியே பதிலாக வரும். அதில் நியாயமும் இருக்கும். ஆனால் கையில் இல்லாத விஷயத்தையும் மண்டலக் குழுவிலோ மாமன்றத்திலோ அவர் எழுப்ப முடியும். ஆகவே, "ஏன் செய்யவில்லை?" என்பதை ஒரு பட்டியலிலும், "எங்கே பேசினீர்கள்?" என்பதை இன்னொரு பட்டியலிலும் எழுதிக்கொள்வது நல்லது.

74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கு வழங்கப்படக்கூடிய 18 பணிகள் இருக்கின்றன. அவற்றில் எட்டாவது நகர்ப்புற வனவளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும், ஒன்பதாவது நலிந்த பிரிவினரின் நலன், பத்தாவது குடிசைப் பகுதிகளின் மேம்பாடு. இந்த மூன்றும் அடுத்தடுத்து நிற்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காலநிலையைத் தனியாகவும் சமூகப் பிரச்சினைகளைத் தனியாகவும் கேட்டால் இரண்டிலும் அரைகுறைப் பதிலே கிடைக்கும். வார்டு மட்டத்தில் அவை ஒரே தெருவில், ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன.

அடுத்ததாக, மாநகராட்சி தானே எழுதி வெளியிட்ட ஆவணத்தைப் படித்துவிட வேண்டும். சென்னைக் காலநிலை செயல் திட்டம் 2023 ஜூன் மாதம் வெளியிடப்பட்டது. 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை, அதாவது வெளியேறும் பசுங்குடில் வாயுக்களும் உறிஞ்சப்படுபவையும் சமமாகும் நிலையை, எட்டுவது அதன் இலக்கு; இந்தியா தனக்கு வைத்துக்கொண்ட ஆண்டு 2070 என்பதால், சென்னை இருபது ஆண்டுகள் முந்துவதாக வாக்களித்திருக்கிறது. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, திடக்கழிவு, வெள்ளமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் என்ற தலைப்புகளோடு, எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்களும் அவர்களின் உடல்நலமும் என்பதும் அதில் ஒரு தலைப்பு. முழுவதையும் படிக்க நேரம் இல்லாவிட்டால் அந்தக் கடைசிப் பகுதியையும் வெள்ளத்தைப் பற்றிய பகுதியையும் மட்டுமாவது படியுங்கள். பிறகு கவுன்சிலரிடம், "இந்தத் திட்டத்தின்படி நம் வார்டில் நடந்திருக்கும் ஒரு வேலையைக் காட்ட முடியுமா?" என்று கேட்கலாம். அவர் ஓர் இடத்தைக் காட்டினால் அங்கே போய்ப் பாருங்கள். திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றால், அதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய பதில்தான்.

ஆவணத்துக்குப் பிறகு தெரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டின் எல்லையிலிருந்து எல்லைவரை நடந்துவிடுங்கள். நான் முதன்முறை அப்படி நடந்தபோது, கால்வாயை ஒட்டிய சந்தில் ஓர் அம்மா என்னைத் தம் வீட்டுக்குள் அழைத்து நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு கோடுகளைக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளத்தின் கோடு அவருடைய தோள் உயரத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற தண்ணீரின் கோடு இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. "மழை மட்டுமில்ல தம்பி, வாசப்படியப் பாரு" என்றார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடு, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டிருந்தது. காலநிலை மாற்றத்தால் பெருமழை கூடுகிறது என்பது ஒரு பக்கம்; அந்த மழை யாருடைய வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதைச் சாலை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது என்பது மறுபக்கம். "எங்கள் தெருவில் புதுச்சாலை போடும் முன் பழைய சாலையைச் சுரண்டி எடுத்தார்களா? அதை நீங்கள் நேரில் நின்று பார்த்தீர்களா?" என்ற கேள்வி அந்தச் சுவரிலிருந்து எனக்குக் கிடைத்தது. எந்த அறிக்கையும் அதைக் கொடுத்திருக்காது.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மரத்தின் அடிவரை சிமென்ட் பூசப்பட்டிருக்கிறதா, வடிகால் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, குப்பை தரம்பிரித்து வாங்கப்படுகிறதா அல்லது வாங்கிய பின் ஒரே வண்டியில் கலக்கப்படுகிறதா என்று பாருங்கள். படம் எடுத்து, தேதியையும் தெருப் பெயரையும் அன்றே எழுதி வையுங்கள்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். வேட்புமனுவோடு தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, கடன், கல்வி, நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகிய விவரங்கள் இருக்கும். பார்வையைப் பற்றி அது நேரடியாக எதையும் சொல்லாது. ஆனால் தொழிலையும் சொத்தையும் வைத்து, எந்த முடிவுகளில் அவருக்குச் சொந்த நலன் குறுக்கிடக்கூடும் என்பதை ஊகிக்கலாம். அதைவிடப் பயனுள்ளவை மாமன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் தீர்மானங்களும் வார்டு மேம்பாட்டு நிதியின் செலவுக் கணக்கும்தான். அவை எளிதில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 6(1)இன் கீழ்ப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். "எங்கள் வார்டில் என்ன நடந்தது?" என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பிட்ட நிதியாண்டுகளைச் சொல்லி, வார்டு மேம்பாட்டு நிதியில் எடுக்கப்பட்ட பணிகளின் பெயர், இடம், மதிப்பீட்டுத் தொகை, முடிந்த தேதி ஆகியவற்றைக் கேட்டால் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும், எத்தனை வேலைகள் மழைநீரையும் நிழலையும் குப்பையையும் சார்ந்தவை, எத்தனை அலங்கார வளைவும் பெயர்ப்பலகையும் சார்ந்தவை என்று எண்ணிப் பாருங்கள். ஒருவருடைய முன்னுரிமையை அவருடைய பேச்சைவிட அந்த எண்ணிக்கை தெளிவாகச் சொல்லும்.

கேள்விகளை அமைப்பதற்குத்தான் அதிக உழைப்பு தேவை. ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் இடம், ஒரு காலம், ஒரு செயல் ஆகிய மூன்றும் இருக்கட்டும். வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கோடையில் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் திறப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது, திறந்த பந்தலில் மே மாதக் கடைசிவரை பானையை நிரப்புவது யார் பொறுப்பு, தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட வீடுகள் வார்டில் எத்தனை இருக்கின்றன என்று கணக்கெடுத்தீர்களா, மாநகராட்சிப் பள்ளியின் மேல்மாடி வகுப்பறை மதியம் இரண்டு மணிக்கு எப்படியிருக்கிறது என்று போய் உட்கார்ந்து பார்த்தீர்களா என்பவைதான். இவற்றுக்கு ஆம், இல்லை என்றேனும் பதில் சொல்லியாக வேண்டும். பொன்மொழிகளால் நிரப்ப முடியாது.

சமூகப் பிரச்சினைகளிலும் இதே முறைதான். 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்கு விடப்படுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு முன் 13 நாட்கள் போராடினார்கள். குப்பையைத் தரம்பிரிப்பதைக் காலநிலைச் செயல்பாடாக முன்வைக்கும் எந்த மக்கள் பிரதிநிதியிடமும், அந்தப் பிரிப்பைக் கையால் செய்பவர்களின் கூலியைப் பற்றியும் வேலைப் பாதுகாப்பைப் பற்றியும் நாம் கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கையுறையும் காலணியும் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வழங்கப்படுகின்றன என்பதைப் பணியாளர்களிடமே முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கவுன்சிலரிடம் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும். பணியாளரின் பெயரை மட்டும் எங்கும் சொல்லாதீர்கள். அவருடைய வேலை போய்விடக்கூடும்.

நீர்வழிக் கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துக் நகரின் தென்விளிம்பிலுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வு இடங்களுக்கு அனுப்புவதும் வெள்ளத் தடுப்பு என்ற பெயரில்தான் நடக்கிறது. இதைக் கேட்கும்போது "ஆக்கிரமிப்பு" என்ற சொல்லை நீங்களாகப் பயன்படுத்தாதீர்கள். கவுன்சிலர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார், அதே சொல்லை அதே நீர்நிலையை ஒட்டி எழுந்த பெரிய கட்டடங்களுக்கும் பயன்படுத்துகிறாரா என்று கவனியுங்கள். பள்ளிக்கூடம் நடுவாண்டில் மாறும் குழந்தையைப் பற்றி அவர் தாமாகவே பேசினால், அந்தப் பிரச்சினையை அவர் நெருக்கமாக அறிந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

நம் உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்து, நீங்கள் கேட்டதற்கு அருகில் நிற்கும் கணவரோ அண்ணனோ பதில் சொல்லத் தொடங்கினால், மரியாதையாகக் குறுக்கிட்டு, "அம்மா, உங்கள் கருத்தை உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர், பதிவாக வேண்டியது அவருடைய பார்வை.

கேட்க ஏற்ற இடம், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம். வார்டு அலுவலகத்தில் தனியாகச் சந்தித்தால் தேநீரும் இனிய பேச்சும் கிடைக்கும். நாலு பேர் முன்னால் சொன்ன பதிலுக்கு இருக்கும் கனம் அதற்கு இருக்காது. நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், தெருமுனைக் கால்வாய் தூர்வாரப்படாததைப் பற்றி ஒரு பாட்டி மூச்சு வாங்கக் கேட்டு முடித்தபோது, கவுன்சிலர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பழைய டைரியை எடுத்தார். "அது நீர்வளத் துறை பாட்டி. மண்டலக் கூட்டத்துல மூணு தடவ பேசியிருக்கேன், தேதியச் சொல்றேன் கேளுங்க" என்று மூன்று தேதிகளையும் வாசித்தார். அவருடைய கட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் கிடைத்த மிகத் தெளிவான அரசியல் பதில் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். "ஆவன செய்கிறேன்" என்ற பதில் வரும்போதெல்லாம், எப்போது, எந்தக் கூட்டத்தில் என்று அமைதியாக இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதை அந்த டைரியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கிராமங்களில் இந்த இடத்தை கிராம சபை நிரப்புகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதால், அங்கெல்லாம் முன்னாள் தலைவர்களிடமும் போட்டியிட எண்ணுபவர்களிடமும் ஏரி, பொதுக்கிணறு, சீமைக்கருவேலம், நூறு நாள் வேலை ஆகியவற்றை வைத்துக் கேட்கலாம்.

பதிலைப் பதிவு செய்வதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்த கைபேசியில் பதிந்ததை வைத்து எழுதுவது முறையல்ல. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை ஒரு நிறத்திலும், நீங்கள் நேரில் பார்த்ததை இன்னொரு நிறத்திலும், காகிதம் சொல்வதை மூன்றாவது நிறத்திலும் எழுதுங்கள். அவருடைய சொந்தக் கருத்து எது, கட்சியின் நிலைப்பாடு எது என்று ஐயம் வந்தால் ஊகிக்காமல் தொலைபேசியில் கேட்டுவிடலாம். எழுதியதை மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு படி அனுப்பி, தவறு இருந்தால் திருத்த ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வாக்குறுதியைத் திருத்திப் பின்வாங்கினால், முதலில் சொன்னதையும் பிறகு சொன்னதையும் தேதியோடு அருகருகே வையுங்கள்.

சென்னையின் இப்போதைய மாமன்ற உறுப்பினர்கள் 2022 பிப்ரவரி 19 தேர்தலில் வென்று மார்ச் மாதத்தில் பதவியேற்றவர்கள். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அடுத்த முறை வாக்கு கேட்டு வருகிறவர் பழையவராக இருந்தாலும் புதியவராக இருந்தாலும், நீங்கள் எழுதி வைத்த அந்தத் தாளை எடுத்து, நீலச் சுவர் வீட்டின் வாசலில் நிற்க வைத்து, முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.